16.2 கிராம் ஸ்ட்ரைக்கரை வீட்டுல இருக்கற ரோட்டரி டூலால 15 கிராமுக்குள்ள கொண்டு வரலாமா?

கேள்விய முதல்ல சரியா பிடிச்சுக்கறேன். உங்ககிட்ட ஒரு கேரம் ஸ்ட்ரைக்கர் இருக்கு, 41 மி.மீ. அகலம், 10.4 மி.மீ. தடிமன், நகை எடை போடற குட்டி டிஜிட்டல் தராசுல வச்சா 16.2 கிராம் காட்டுது. ஒரு பக்கம் பூ டிசைன் செதுக்கியிருக்கு, இன்னொரு பக்கம் வழுவழுன்னு இருக்கு. கை பழகிருச்சு, விட மனசில்ல. டோர்னமென்ட்ல 15 கிராமுக்கு மேல இருந்தா விட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. வீட்டுல ஒரு ரோட்டரி டூல், அதாவது முனைல மாட்டற சின்ன பிட்ட வேகமா சுத்தி தேய்க்கற கைக்கருவி, சும்மா கிடக்கு, அதால தேச்சு எடைய குறைக்கலாமா, அப்படியே போர்டுல பாக்கெட் ஓரம் சிலாம்பு சிலாம்பா கிளம்பி நிக்கறதையும் அதாலயே சரி பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா எடைய குறைக்கறது ஒரு பெரிய விஷயமே இல்ல, எத வச்சு சுரண்டினாலும் குறையும். நீங்க உண்மையில கேக்கறது, எடை போனப்புறமும் அது என் கைக்கு அதே ஸ்ட்ரைக்கரா இருக்குமாங்கறதுதான். அதுக்குத்தான் பதில் கொஞ்சம் நீளமா போகும்.

எத நம்பணும் எத தள்ளணும்னு தெரியணும்ங்கறதுக்காக என்னப் பத்தி ரெண்டு வரி. அக்ரிலிக் ஷீட் வெட்டி ட்ராஃபி, நேம் போர்டு, கடை எழுத்துன்னு செய்யற பட்டறைல பல வருஷம் ஓட்டினவன் நான். அதனால பொருள் எப்படி நடந்துக்கும், எங்க உருகும், எங்க விரிசல் விடும், டூல் எந்த இடத்துல காலை வாரும்ங்கறதெல்லாம் உறுதியா சொல்லுவேன். கேரம்ல நான் ஏரியா மன்றத்துல சாயங்காலம் ஆடற ஆளு, அவ்ளோதான். கைக்கு எப்படி இருக்கும்ங்கற விஷயத்துல நான் சொல்றத ஒருத்தனோட அபிப்பிராயமா மட்டும் எடுத்துக்குங்க, மாநில லெவல்ல ஆடறவங்க வேற மாதிரி சொன்னா அவங்க பேச்சையே கேளுங்க.

சட்டத்துல சந்தேகம் எதுவும் இல்ல. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988ல நம்ம சென்னைலதான் ஆரம்பிச்சாங்க, அவங்க விதிப்படி ஸ்ட்ரைக்கர் வட்டமா வழவழப்பா இருக்கணும், விட்டம் 4.13 செ.மீ.க்கு மேல போகக் கூடாது, எடை 15 கிராமத் தாண்டக் கூடாது, தந்தமும் உலோகமும் கூடாது. உங்க 41 மி.மீ. வரம்புக்குள்ள இருக்கு, அதனால சுத்துப்பக்கத்த தொடவே தொடாதீங்க, இது ரொம்ப முக்கியம், கையால பிடிச்சு தேச்சு ஒரு வட்டத்த வட்டமாவே சின்னதாக்கறது யாராலயும் முடியாத வேலை. பிரச்சனை எடை மட்டும்தான். சரியா 15.0ல நிறுத்தாதீங்க, உங்க தராசும் அவங்க தராசும் ஒரே மாதிரி பேசும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. 14.8ஐ இலக்கா வச்சுக்குங்க. ஆக மொத்தம் 1.4 கிராம் போகணும்.

இது எந்த பொருள்னு தெரியாம டூல கையில எடுக்காதீங்க. நீங்க கொடுத்த அளவ வச்சே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். 41 மி.மீ. வட்டத்தோட பரப்பு 13.2 சதுர செ.மீ., 10.4 மி.மீ. தடிமனால பெருக்கினா 13.7 கன செ.மீ., 16.2 கிராம அதால வகுத்தா 1.18 வருது. அக்ரிலிக் அடர்த்தி 1.18, 1.19தான், அதனால உங்களோடது அக்ரிலிக்கா இருக்கறதுக்கு நிறைய வாய்ப்பு. ஆனா இது கெட்டியான ஆதாரம் இல்ல, ஓரம் உருட்டியிருக்கற கணக்கும் பூ குழியோட கணக்கும் இதுல வரல, அதுவும் போக சில ரெசின் வகைங்களும் 1.2 பக்கம்தான் நிக்கும். மெலமின், யூரியா மாதிரி கெட்டி பிளாஸ்டிக்கா இருந்தா 1.5 பக்கம் போயிருக்கும், அது இல்லன்னு மட்டும் தைரியமா சொல்லலாம். இன்னொரு வழி மூக்கு. டிசைன் பக்கத்துல ஒரு மூலைய 220 நம்பர் வாட்டர் பேப்பர்ல (தண்ணி விட்டு தேய்க்கற உப்புத்தாள்) தண்ணி இல்லாம நாலு இழு இழுத்து மோந்து பாருங்க, அக்ரிலிக்னா லேசா இனிப்பா பழ வாசனை மாதிரி ஒண்ணு வரும், பட்டறைல ஒரு வாரம் இருந்தவனுக்கும் அது மறக்காது. ரெசின்னா ஃபைபர் கதவு செய்யற கடைப் பக்கம் போனா அடிக்குமே ஒரு நெடி, அது வரும். கீழ நான் சொல்றதெல்லாம் அக்ரிலிக்குக்கு.

எடை குறைஞ்சா பவர் போயிடுமேன்னு பயம் இருக்கும், அந்த பயத்த கணக்கு போட்டே விரட்டிடலாம். ஒரு காய்ன் 5ல இருந்து 5.5 கிராம் இருக்கணும்ங்கறது விதி, நடுவுல 5.25ன்னு வச்சுக்குங்க. நேருக்கு நேரா அடிக்கும்போது, மோதல்ல எதுவும் வீணாகலன்னு வச்சுக்கிட்டா, 16.2 கிராம் ஸ்ட்ரைக்கர் காய்ன தன் வேகத்துல 1.51 மடங்கு வேகத்துல தள்ளும், 14.8 கிராம் ஸ்ட்ரைக்கர் 1.48 மடங்கு. வித்தியாசம் நூத்துக்கு ரெண்டு. அதுவும் விரல் அதே பலத்த கொடுத்தா லேசான ஸ்ட்ரைக்கர் கொஞ்சம் கூடுதல் வேகத்துல கிளம்பும், அந்த ரெண்டு சதவீதமும் அதுலயே ஈடாயிடும். வித்தியாசம் எங்க தெரியும்னா, அடிச்ச பிறகு ஸ்ட்ரைக்கர் எவ்ளோ தூரம் ஓடுதுங்கறதுல. மோதினப்புறம் பழைய ஸ்ட்ரைக்கர்கிட்ட அதோட வேகத்துல 51 சதவீதம் மிச்சம் இருந்துச்சு, இனிமே 48 சதவீதம்தான் இருக்கும். அதாவது காய்ன் போற இடத்துக்கு அதே மாதிரி போகும், ஆனா ஸ்ட்ரைக்கர் வந்து நிக்கற இடம் மாறும். அடுத்த காய்னுக்கு இடம் பாத்து நிறுத்தி ஆடறவங்களுக்கு இது உறுத்தும், கண்டிப்பா உறுத்தும், ரெட் காய்ன போட்டுட்டு ஃபாலோவுக்கு (அடுத்து உடனே போட வேண்டிய காய்னுக்கு) சரியா நிறுத்தணும்னு கணக்கு வச்சு ஆடியிருந்தா கொஞ்ச நாள் கணக்கு தப்பும். அடிச்சு தள்ளிட்டு போறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இதெல்லாம் நேர் அடிக்கு போட்ட கணக்கு, ஓரத்துல உரசி அடிக்கற கட் ஷாட்டுக்கும் கட்டைவிரலால அடிக்கற தம் ஷாட்டுக்கும் எண்ணெல்லாம் மாறும், ஆனா போக்கு இதேதான்.

இப்ப மெயின் விஷயம். ஸ்ட்ரைக்கர்ல உயிர் இருக்கறது போர்ட்ல படற அந்த அடிமுகத்துலதான். ஃபேக்டரில இருந்து வெளிய வரும்போது அது ஒரே மட்டமா, பளபளன்னு வருது. அந்த மட்டத்த ரோட்டரி டூல் கொடுக்காது, கொடுக்கவே கொடுக்காது. ஏன்னா அதோட பிட் ஒரு நேரத்துல தொடற இடம் உங்க சுண்டுவிரல் நகம் அளவு கூட இல்ல, கை லேசா ஆடினா ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்த சரி பண்ண பக்கத்துல தேச்சா இன்னொரு பள்ளம், கடைசில மொத்த முகமும் அலை அலையா ஆயிடும். அத மறைக்க பாலிஷ் போட்டா வெளிச்சத்துல பளபளன்னு தெரியும், ஆனா போர்ட்ல வச்சு தள்ளினா இழுக்கும். அதனால வழுவழு பக்கத்த அடிமுகம்னு முடிவு பண்ணி அதுமேல உடனே ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க, வேலை முடியற வரைக்கும் அது பிரியவே கூடாது. 1.4 கிராமும் பூ பக்கத்துல இருந்துதான் போகணும். பூ போயிடுமேன்னா, ஆமா போயிடும், அதுக்கு பதிலா வேற டிசைன் நீங்களே போட்டுக்கலாம், அங்கதான் உங்க டூலுக்கு வேலை வருது.

முதல் பாதி வெறும் கை வேலை. மேசை மேல போடற தடிமனான கண்ணாடி ஒரு துண்டு, இல்லன்னா கிச்சன் கிரானைட் மேடை, அதுமேல தண்ணி தெளிச்சு 180 நம்பர் வாட்டர் பேப்பர் ஒட்டுங்க. பூ பக்கத்துல பென்சில்ல குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக்குங்க, எந்த இடம் தேயுது எந்த இடம் தேயலன்னு அந்தக் கோடு அழியறதுலயே தெரிஞ்சிடும். ஸ்ட்ரைக்கர குப்புறப் போட்டு மூணு விரலால மெதுவா அழுத்தி எட்டு போடற மாதிரி தேய்ங்க. எல்லாருக்கும் வர்ற சிக்கல் என்னன்னா, கை முன்னாடி போகும்போது முன் ஓரம் அதிகமா அழுந்தும், அந்தப் பக்கம் மட்டும் தேஞ்சு ஆப்பு மாதிரி சரிஞ்சிடும். இருபது முப்பது இழுப்புக்கு ஒரு தடவை கால் வட்டம் திருப்பிக்கிட்டே இருங்க, சுத்துப்பக்கத்துல நாலு திசைலயும் ஒரு புள்ளி வச்சுக்கிட்டு அந்த நாலு இடத்துலயும் வெர்னியர்ல (நுணுக்கமா அளக்கற காலிப்பர்) தடிமன் பாருங்க, 0.1 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா தடிச்ச பக்கத்துல அழுத்தத்த கூட்டுங்க. இது மேல்முகம்ங்கறதால கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் ஆட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது, அடிமுகத்த விட்டு வச்சதோட லாபமே அதுதான்.

எவ்ளோ தேய்க்கணும்னா, முழு 1.4 கிராமும் தேச்சே எடுக்கணும்னா 0.9 மி.மீ. போகணும், 10.4 வந்து 9.5 ஆகும். அப்படியே முடிச்சுட்டு மேல பாலிஷ் போட்டா வேலை ஓவர், சட்டப்படியும் எந்த கேள்வியும் வராது, நான் உங்க இடத்துல இருந்தா இதத்தான் பண்ணுவேன். ஆனா டூல் வாங்கி வச்சிருக்கற கை சும்மா இருக்காதே. அப்ப 15.3 கிராம் வந்ததும் நிறுத்துங்க, கிட்டத்தட்ட 0.6 மி.மீ. தேஞ்சிருக்கும். மிச்சம் அரை கிராம குழி போட்டு எடுக்கலாம். பூவோட பழைய குழி எவ்ளோ ஆழம்ங்கறதப் பொறுத்து இந்த கணக்கு கொஞ்சம் முன்ன பின்ன போகும், அதனால வெர்னியர நம்பாதீங்க, தராசையே நம்புங்க.

குழி கணக்குல நிறைய பேர் ஏமாறுவாங்க. 8 மி.மீ. அகலத்துல 2 மி.மீ. ஆழத்துல ஒரு குழின்னா, அடி தட்டையா இருந்தா ஒரு குழில 0.12 கிராம் போகும். ஆனா வீட்டு டூல்ல அடி தட்டையா குழி எடுக்கறது ஸ்டாண்ட் இல்லாம நடக்காது, எல்லாரும் உருண்டை பிட்தான் போடுவாங்க. 8 மி.மீ. உருண்டை பிட் 2 மி.மீ. இறங்கினா கிண்ணம் மாதிரி ஒரு குழிதான் விழும், அதுல போறது 0.05 கிராம், பாதி கூட இல்ல. பத்து குழி போட்டா அரை கிராம். நமக்கு வேண்டியது சரியா அதுதான். நடுவுல இருந்து 14 மி.மீ. தள்ளி ஒரு வட்டம் போட்டு அதுல சமமா பத்து புள்ளி வச்சீங்கன்னா குழிக்கு குழி நடுவுல ஒண்ணரை மி.மீ. சுவர் நிக்கும், வெளி ஓரத்துக்கு மூணு மி.மீ. மிஞ்சும், பாக்கவும் அழகா இருக்கும். காம்பஸ்ல பேப்பர்ல வரைஞ்சு அத ஸ்ட்ரைக்கர் மேல ஒட்டிக்குங்க, அக்ரிலிக் மேல காம்பஸ் முள்ள குத்தாதீங்க.

ஆழத்த எப்படி பாக்கறதுன்னு திணறாதீங்க, குழியோட வாய அளந்தா போதும். 8 மி.மீ. உருண்டை 2 மி.மீ. உள்ள போகும்போது வாய் அகலம் கிட்டத்தட்ட 7 மி.மீ. இருக்கும். அதனால வெர்னியர 7ல பூட்டி வச்சுக்கிட்டு, வாய் அந்த அகலத்துக்கு வந்ததும் நிறுத்திடுங்க, ஆழம் தானா சரியா இருக்கும். பத்தும் ஒரே மாதிரி தெரியறதுக்கும் இதுதான் வழி, ஏன்னா கண்ணுக்கு தெரியறது வாய்தான், ஆழம் இல்ல. ஒண்ணு போட்டதும் அடுத்தத பக்கத்துல போடாம நேர் எதிர்ல போடுங்க, ஒவ்வொரு ஜோடிக்கும் எடை பாருங்க, எட்டு குழிலயே 14.8 வந்துட்டா மிச்சம் ரெண்ட சும்மா பேருக்கு தொட்டு விட்டுடலாம். பிட் முதல்ல தொடும்போது வழுக்கிட்டு ஓடும், டூல் சுத்தற திசைல இழுக்கும், அதனால எல்லா புள்ளிலயும் மொதல்ல 2 மி.மீ. டிரில் பிட்ல ஒரு சின்ன குழி தொட்டு வச்சுட்டீங்கன்னா உருண்டை அதுல போய் உக்காந்துக்கும்.

ஸ்பீடுதான் அக்ரிலிக்குல எல்லாம். அக்ரிலிக் 100 டிகிரிய தாண்டினதும் இளக ஆரம்பிச்சிடும், ரோட்டரி டூல் ஒரே இடத்துல மூணு நாலு செகண்ட் நின்னா அந்த சூடு தாராளமா வந்துடும், அப்ப தூளா வந்துட்டு இருந்தது நூலா இழுக்க ஆரம்பிக்கும், பிட் மேல சுத்திக்கிட்டு கெட்டியாயிடும், அந்த பிட் அதுக்கப்புறம் வெட்டாது, உரசி இன்னும் சூடாக்கும். தூள் வரணும், நூல் வந்தா எடுத்துடுங்க, அவ்ளோதான் விதி. குழி போடறப்ப நிமிஷத்துக்கு 10,000 சுத்துக்கு கீழயே வச்சுக்குங்க, ரெண்டு செகண்ட் தொட்டு எடு, தொட்டு எடுன்னு போங்க. சூடானா ஸ்ட்ரைக்கர எடுத்து தண்ணில முக்கி தொடச்சுட்டு வாங்க, கரண்ட்ல ஓடற டூல் பக்கத்துல தண்ணிய கொண்டு வராதீங்க. பாலிஷ் வீல் போடறப்பதான் நிறைய பேர் மாட்டுவாங்க, மெத்துன்னு இருக்கற வீல்தானேன்னு ஸ்பீட ஏத்திடுவாங்க. 8 மி.மீ. பிட் 30,000ல சுத்தும்போது அதோட ஓரம் நிமிஷத்துக்கு 750 மீட்டர் ஓடுது, 25 மி.மீ. ஃபெல்ட் வீல் (கம்பளித் துணி மாதிரி இருக்கற பாலிஷ் வீல்) வெறும் 10,000லயே 785 மீட்டர் ஓடும். வீல் பெருசாக பெருசாக ஸ்பீட இறக்கணும். உங்க டூல்ல எது கம்மியோ அதுல வச்சே பாலிஷ் போடுங்க.

தேச்ச முகத்துக்கு பாலிஷ் டூலால வேண்டாம், கையாலயே 320, 600, 1000, 2000ன்னு தண்ணி விட்டு இறங்குங்க, ஒவ்வொரு நம்பர்லயும் முன்ன போட்ட நம்பரோட கீறல் முழுசா போனப்புறம்தான் அடுத்ததுக்கு போகணும், இங்க அவசரப்பட்டா 2000ல போய் நிக்கும்போது 180 கீறல் ஒண்ணு பல்ல காட்டும். கடைசில பழைய பனியன் துணில பித்தளை பாலிஷ் கொஞ்சம் தொட்டு தேச்சா கண்ணாடி ஆயிடும், பிராஸோ நல்லா வேலை செய்யும். டூல்ல ஃபெல்ட் முனை போட்டு குழிக்குள்ள மட்டும் அதே பாலிஷால ஒரு ரவுண்டு காட்டுங்க, இல்லன்னா குழிய மட்டும் பனி படிஞ்ச மாதிரி மங்கலாவே விட்டாலும் நல்லாத்தான் இருக்கும். மேல்முகம் தேஞ்சதால அதோட ஓரம் கத்தி மாதிரி ஆயிருக்கும், 600 பேப்பர விரல்ல சுத்தி ஓரத்த அரை மி.மீ. அளவுக்கு ஒடச்சு விடுங்க, இல்லன்னா மன்றத்துல யாராவது தெரியாம திருப்பிப் போட்டு ஆடினா போர்டுல கோடு விழும். ஒரு விஷயம் கண்டிப்பா ஞாபகம் வச்சுக்குங்க, சூடு பட்ட அக்ரிலிக் மேல ஸ்பிரிட், தின்னர், சானிடைசர் எதுவும் படக் கூடாது. உள்ளுக்குள்ள இறுக்கம் இருக்கும், ஸ்பிரிட் பட்டதும் மயிரிழை மயிரிழையா விரிசல் ஓடும், அப்புறம் எந்த பாலிஷாலயும் போகாது. சோப்புத் தண்ணி போதும், டேப் பசைய எடுக்க தேங்கா எண்ணெய் போதும்.

ஸ்ட்ரைக்கர விரல்ல பிடிச்சுக்கிட்டு குழி போடாதீங்க. பலகைல டபுள் சைடு டேப்ல ஒட்டி, சுத்தி மூணு பக்கம் சின்ன மரத்துண்டு ஆணி அடிச்சு அணை கட்டுங்க, பலகைய மேசைல கிளாம்ப் போட்டுடுங்க. கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம், அதுவும் பக்கவாட்டுல மூடின கண்ணாடி, பவர் கிளாஸ் கணக்குல வராது. தூசு மூக்குல போகாம மாஸ்க், லுங்கி துண்டு துப்பட்டா எதுவும் டூல் பக்கத்துல தொங்கக் கூடாது. இன்னொரு ஐடியா சிலர் சொல்லுவாங்க, ஸ்ட்ரைக்கரையே டூல் முனைல ஒட்டி சுத்த விட்டு, பேப்பர காட்டினா லேத் மாதிரி தேஞ்சிடும்னு. செய்யாதீங்க. இந்த டூலோட குறைஞ்ச ஸ்பீடே பெரும்பாலும் 5,000 சுத்து, அந்த ஸ்பீட்ல 41 மி.மீ. வட்டத்தோட ஓரம் செகண்டுக்கு 10 மீட்டருக்கு மேல போகும், பசை விட்டுச்சுன்னா 16 கிராம் கட்டி எங்க பறக்கும்னு சொல்ல முடியாது. லேத் வேலை வேணும்னா லேத்துக்கே போங்க. கடைசல் பட்டறைலயோ அக்ரிலிக் ட்ராஃபி செய்யற இடத்துலயோ கொடுத்து, இந்தப் பக்கம் மட்டும் முக்கால் மி.மீ. எடுத்துக் கொடுங்கன்னா சில நிமிஷ வேலை, மெஷின் கோட்டையும் மிச்சம் இருக்கற எடையையும் நீங்க வீட்டுல வந்து தேச்சு எடுத்துக்கலாம். தயக்கம் இருந்தா ஒரு விலை கம்மியான ஸ்ட்ரைக்கர்ல மொதல்ல எல்லாத்தையும் பண்ணிப் பாத்துட்டு இதுக்கு வாங்க.

பேலன்ஸ் போயிடுமான்னு கேப்பீங்க. இதுல பயம் ரொம்ப ஜாஸ்தி, கணக்கு அதுக்கு இடம் கொடுக்கல. பத்து குழில ஒண்ண போடவே மறந்துட்டீங்கன்னு வச்சுக்குங்க, அப்பவும் எடையோட நடுப்புள்ளி 0.05 மி.மீ. அளவுதான் நகரும், தடிமன் ஒரு பக்கம் 0.2 மி.மீ. கூட இருந்தாலும் அதே அளவுதான். அத விரல்ல உணர முடியும்னு சொல்றவங்கள நான் பாத்திருக்கேன், நான் நம்பல, ஆனா என் விரல வச்சு அடுத்தவங்க விரல எடை போட எனக்கு உரிமையும் இல்ல. எடை ஓரத்துல இருந்தா ஸ்ட்ரைக்கர் அதிகமா சுழலுமா, நடுவுல இருந்தா நேரா போகுமான்னு ஒரு வாதமும் எல்லா மன்றத்துலயும் ஓடும். தத்துவப்படி வித்தியாசம் உண்டு, ஆனா அரை கிராம் குழிக்கு அது ஆட்டத்துல தெரியும்னு நான் சொல்ல மாட்டேன். கண்டிப்பா தெரியறது அடிமுகம் நடுவுல உப்பலா இருக்கறதுதான். கண்ணாடி மேல வச்சு ஓரத்த மாத்தி மாத்தி தட்டிப் பாருங்க, டக் டக்குன்னு ஆடினா அது அடிக்கும்போது பம்பரமா சுத்தும். நீங்க அத தொடாம விட்டிருந்தா ஆடாது. குழி போட்ட ஸ்ட்ரைக்கர வழவழப்புன்னு ஏத்துக்கறது அந்த டோர்னமென்ட் அம்பயர் கையில இருக்கு, டிசைன் குழி இருக்கற ஸ்ட்ரைக்கர் கடைலயே விக்கறாங்கங்கறது உங்க பக்க நியாயம்தான், இருந்தாலும் ஆட்டத்தன்னிக்கு வாதாடாம முன்னாடியே காட்டி கேட்டுடுங்க.

அடுத்து பாக்கெட் ஓரம். இது ஸ்ட்ரைக்கர விட ஆபத்தான வேலை, ஏன்னா ஸ்ட்ரைக்கர் போனா ஒண்ணு வாங்கிக்கலாம், பாக்கெட் வாய் பெருசாயிட்டா போர்டே போச்சு. பாக்கெட் விட்டம் 4.45 செ.மீ., அதுல 0.15 வரைக்கும் ஏற இறங்க இருக்கலாம்ங்கறது விதி. அதாவது புதுசுல சரியா 44.5ல இருந்த பாக்கெட்ட சுத்திலும் முக்கால் மி.மீ. தேச்சீங்கன்னாலே 46, வரம்பு முடிஞ்சுது. அதுக்கு மேல ஒரு சூட்சுமம் இருக்கு. காய்ன் எப்ப விழும்னா, அதோட நடுப்புள்ளி ஓரத்த தாண்டும்போது. நீங்க வாய் அளவ மாத்தாம மேல் விளிம்ப மட்டும் அழகா சரிவா ஒரு மி.மீ. சீவி விட்டாலும் காய்னுக்கு ஓரம் அங்கயே ஆரம்பிச்சிடுது, பாக்கெட் ரெண்டு மி.மீ. பெருசான மாதிரிதான். அதுக்கப்புறம் அந்த மூலைல மட்டும் எல்லாம் விழும், எதிராளிக்கும் விழும்.

அதனால முதல்ல தேய்க்காதீங்க, ஒட்டுங்க. ஒட்டுப்பலகைல கிளம்பி நிக்கற நார அடியில சின்ன குச்சியால ஃபெவிக்விக் தொட்டு உள்ள விட்டு, பாலிதீன் பேப்பர் வச்சு விரலால அமுக்கி படிய வைங்க. சிலாம்பு கெட்டியானப்புறம் பாதி பிரச்சனை அங்கயே தீந்துடும். மேற்பரப்புல பாக்கெட்ட சுத்தி மாஸ்கிங் டேப் ரெண்டு சுத்து ஒட்டிட்டு மிச்சத்த தேய்ங்க. உங்க டூலோட வர்ற குட்டி டிரம் சாண்டர் (உப்புத்தாள் சுத்தின உருளை) 13 மி.மீ.தான் இருக்கும், 44 மி.மீ. ஓட்டைக்குள்ள அது நின்ன இடமெல்லாம் ஒரு பல் விழும். 40 எம்எம் பிவிசி பைப்போட வெளி அகலம் 40 மி.மீ., ஒரு சாண் துண்டு வெட்டி, ஒரு சுத்து அட்டை வச்சு, அதுமேல 150 நம்பர் பேப்பர் சுத்துங்க, பாக்கெட்டுக்குள்ள தளதளன்னு போற அளவு வரும். நேரா செங்குத்தா பிடிச்சு மெதுவா சுத்துங்க, மேலயும் கீழயும் இழுத்தா மேல் நார் மறுபடி கிளம்பும். பத்து சுத்துக்கு ஒரு தடவை வெர்னியர் போடுங்க. மேல் விளிம்புல 320 பேப்பர ஒரு தடவை லேசா காட்டி கூர்மைய மட்டும் எடுத்தா போதும். வெறும் பலகை தெரியற உள் ஓரத்துக்கு வார்னிஷ் ஒரு கோட்டு அடிச்சு நல்லா காய விடுங்க, இல்லன்னா மழைக்காலத்துல ஈரம் குடிச்சு ஊதிக்கிட்டு வரும். டூல இங்க எடுக்கற ஒரே இடம், பாக்கெட்டோட அடிப்பக்கம் வலை மாட்டற இடத்துல துருத்திக்கிட்டு இருக்கற பசையும் ஆணித்தலையும், அங்க ஆட்டத்துக்கு சம்பந்தமில்லாததால தாராளமா போட்டுக்குங்க.

வேலை முடிஞ்சதும் போர்ட்ல இருக்கற மரத்தூள சுத்தமா தொடச்சு எடுத்துட்டுதான் பவுடர் போடணும், ரெண்டும் கலந்தா பவுடர் கட்டி கட்டியா இழுக்கும். அப்புறம் விதிப்புத்தகத்துல இருக்கற சோதனைய போட்டுப் பாருங்க. 15 கிராம் ஸ்ட்ரைக்கர முழு பலத்தோட அடிச்சா நல்ல போர்ட்ல அது மூணரை தடவை போய் வரணும். பழைய ஸ்ட்ரைக்கர் இருந்தப்ப எத்தன ஓடுச்சோ அதே அளவு புதுசும் ஓடினா அடிமுகம் பத்திரமா இருக்குன்னு அர்த்தம். ஓட்டம் குறைஞ்சா, டேப் பசை மிச்சம் இருக்கான்னு முதல்ல பாருங்க, பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும்.

கேள்வி கடைசில காய்ன் ஓரத்தையும் தட்டிவிடலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்க. வேண்டாம். 19 காய்னும் ஒரே அளவுல இருக்கறதுதான் அதோட மதிப்பு, ஒண்ண தொட்டா மிச்சம் பதினெட்டையும் தொடணும். சிலாம்பு இருந்தா 600 பேப்பர்ல ஒரு உரசு, அதுக்கு மேல போகாதீங்க.